கடைமடை மெஷின்கள்

2018 ஜனவரி 4. புதுச்சேரியின் பாகூரில் மார்கழி விடியல். மூலநாதர் கோயில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை ஓடிக்கொண்டிருந்தது. கலிஃபோர்னியாவில் அப்போது 3-ஆம் தேதி பிற்பகல். உலகத்தில் ஓடும் பெரும்பாலான கம்ப்யூட்டர்களின் பிராசஸரிலேயே ஓட்டை இருக்கிறது என்ற செய்தி அப்போதுதான் வெளியே வந்திருந்தது. மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்று இரண்டு பெயர்கள். ஜனவரி 9-ஆம் தேதி எல்லோரும் சேர்ந்து அறிவிப்பதாகப் பேசி வைத்திருந்த ரகசியம், ஆறு நாள் முன்பே உடைந்துவிட்டது.

கருவிகளுக்குள் ஓடும் லினக்ஸின் மையமான கெர்னலைப் பராமரிப்பது என் பிழைப்பு. அன்று எனக்கு வந்த முதல் போன் வில்லியனூரிலிருந்து. திருக்காமீசுவரர் கோயில் மாட வீதிக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த அக்கா. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றபோது, அவருடைய பழைய பென்டியம் 4 பெட்டிகளில் நான்தான் டெபியன் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தேன். டிவியில் ஏதோ ஓடியிருக்கிறது. "தம்பி, எல்லா கம்ப்யூட்டர்லயும் ஓட்டையாமே. நம்ம மிஷினுக்கு மருந்து வந்துடுச்சா?" என்று கேட்டார்.

"வரலைக்கா. வந்ததும் சொல்றேன்" என்றேன்.

அந்தக் கேள்வியை அவர் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். கடையில் வருமானச் சான்றுக்கும் குடியிருப்புச் சான்றுக்கும் மனு போட வருபவர்கள், தேர்வுக் கட்டணம் கட்ட வரும் பிள்ளைகள், அதோடு நம் ஊருக்கே உரிய சொல்தா குடும்பத்துப் பெரியவர்கள். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களும் அவர்களுடைய விதவை மனைவிகளும், பென்ஷனுக்கான ஆயுள் சான்றை அனுப்ப அந்தக் கடைக்குத்தான் வருவார்கள். பிறந்த தேதி, வங்கிக் கணக்கு எண், கடவுச்சொல் எல்லாம் அந்த மெஷின்களின் நினைவகத்தில் ஒரு நிமிஷமாவது தங்கிப் போகும். மெல்ட்டவுன் குறிவைப்பது நினைவகத்தில் தங்கும் அப்படிப்பட்ட விஷயங்களைத்தான். அக்காவின் கேள்வி வெறும் பதற்றத்தில் பிறந்தது என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

வந்துடுச்சா என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குத் தாத்தா ஞாபகம் வந்துவிடும். பாகூர் ஏரிக்குத் தண்ணீர் தென்பெண்ணையிலிருந்து, சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரிந்து, பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. அணைக்கட்டு தமிழ்நாட்டுப் பக்கம், ஏரி புதுச்சேரிப் பக்கம். தலைப்பில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் படம் போட்ட பிறகும் தாத்தா மடையடியில் போய் நிற்பார். எங்கள் நிலம் கடைமடை. அணையில் திறப்பது ஒருவர், வாய்க்கால் தூர் வாருவது இன்னொருவர், ஏரி மதகைப் பார்ப்பது மூன்றாமவர். இவர்களில் ஒருவர் மற்றவரிடம் சொல்லாமல் விட்டாலும் கடைமடை காயும். கெர்னல் திருத்தம் என்பது இந்தத் தண்ணீர் போன்றதுதான். தலைப்பில் திறந்த நாளை வைத்து யாரும் விதை விடுவதில்லை.

மெல்ட்டவுன் விஷயம் எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். வேகத்துக்காக, ஒவ்வொரு புரோகிராமின் முகவரி அட்டவணையிலும் கெர்னலின் நினைவகமும் சேர்ந்தே வரையப்பட்டிருக்கும். தொடக்கூடாது என்ற காவல் மட்டும் உண்டு. ஆனால் பிராசஸர், அனுமதி உண்டா இல்லையா என்று தெரிவதற்கு முன்பே அடுத்த வேலையைச் செய்து பார்த்து வைத்துக்கொள்ளும். அனுமதி இல்லை என்றானதும் செய்ததை அழித்துவிடும். அழித்த பிறகும் கேஷ் நினைவகத்தில் தடம் மிஞ்சுகிறது. எது சீக்கிரம் வருகிறது, எது தாமதமாக வருகிறது என்று நேரத்தை அளந்தே அந்தத் தடத்தைப் படித்துவிடலாம். கூகுளின் யான் ஹார்ன் இதை 2017-இல் கண்டு சொன்னார். ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்காரர்களும் தனியாக இதைக் கண்டார்கள். கெர்னலுக்கு ஒன்று, புரோகிராமுக்கு ஒன்று என்று முகவரி அட்டவணையை இரண்டாகப் பிரித்துவிடும் யோசனை, கைசர் என்ற பெயரில் வேறொரு காரணத்துக்காக அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. அதுவே மருந்தாயிற்று.

யோசனை எல்லா பிராசஸருக்கும் பொது. செய்முறை பொதுவாக முடியாது. புரோகிராமிலிருந்து கெர்னலுக்குள் நுழையும் வாசல், ஒவ்வொரு பிராசஸர் வகைக்கும் தனித்தனியாக அசெம்பிளியில் எழுதப்பட்டது. 64-பிட் இன்டெலுக்கு எழுதிய வாசலை ஆர்முக்குத் தூக்கி வைக்க முடியாது. ஆர்ம் 64-க்கு வில் டீக்கன் வேறாக எழுதினார். ஐபிஎம்மின் பவர் சில்லுகளில் அட்டவணையைப் பிரிக்கவே இல்லை. கெர்னலிலிருந்து வெளியே வரும்போது முதல்நிலை கேஷைக் கழுவிவிடும் வழியை எடுத்தார்கள். அதே ஐபிஎம்மின் மெயின்பிரேமில் கெர்னலும் புரோகிராமும் வேறு வேறு முகவரி வெளிகளிலேயே இருப்பதால் அந்தப் பிரிப்பு வேண்டியிருக்கவில்லை. ஏஎம்டியின் சில்லுகளுக்கு மெல்ட்டவுன் இல்லை என்று அந்நிறுவனத்தின் டாம் லெண்டாக்கி 2017 டிசம்பர் 26-இல் சின்னதாக ஒரு திருத்தம் அனுப்பினார். எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்த நேரத்தில் அதுவே வெளியில் இருந்தவர்களுக்குத் துப்பாகப் போயிற்று. பள்ளிப் பிள்ளைகள் கையிலிருந்த ராஸ்பெர்ரி பைக்கு இரண்டு நோயும் இல்லை. அதன் எளிய சில்லு முன்கூட்டி எட்டிப் பார்க்கும் வேலையை அந்த அளவுக்குச் செய்வதில்லை என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஈபன் அப்டன் எழுதியதைப் படித்தது, அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல்.

சில்லுக்குச் சில்லு இப்படி வேறுபடுவதைச் சொல்லும்போது சித்தப்பா நினைவு வருகிறது. கடலூர் சாலையில் தவளக்குப்பத்தை ஒட்டி இடையார்பாளையத்தில் லெனோவோ தொழிற்சாலை. பாகூர், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அங்கே வேலைக்குப் போனார்கள், சித்தப்பாவும் போனார். ஸ்குரூ டிரைவர் பிடித்த கை. "பெட்டிதான் வேறடா, உள்ள எல்லாம் ஒண்ணுதான்" என்பார். அவர் பார்த்த வரிசையில் அது உண்மை. எல்லாம் இன்டெல் வழி வந்த சில்லுகள். அதே தொழிற்சாலையில் ஆண்டுக்கு 50,000 செயற்கை நுண்ணறிவு சர்வர்கள் செய்யப் போவதாக 2024 செப்டம்பரில் அறிவிப்பு வந்தபோது நான் அவரைத்தான் நினைத்துக்கொண்டேன். ஆனால் எங்கள் வீட்டுக்குள் இருந்ததே ஒன்றாக இல்லை. மேசையில் 32-பிட் இன்டெல். கையில் இருந்த போனில் ஆர்ம். சுவரில் மாட்டியிருந்த ஏடிஎஸ்எல் மோடத்தில் மிப்ஸ். மூன்றிலும் ஓடியது லினக்ஸ். ஒரே கெர்னல் மூன்று உடம்பில் குடியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்துதான் இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது.

அந்த மூன்று உடம்பும் எவ்வளவு வேறு என்பதை 2017 ஜூன் 19 நன்றாகக் காட்டியது. குவாலிஸ் நிறுவனம் ஸ்டாக் கிளாஷ் என்ற ஓட்டையை வெளியிட்ட நாள். புரோகிராம் தன் தற்காலிகக் கணக்குகளை அடுக்கி வைக்கும் ஸ்டாக் வளர்ந்து பக்கத்து நினைவகத்தில் மோதாமல் இருக்க, நடுவில் ஒரு பக்கம், அதாவது வழக்கமாக 4 கேபி, காலியாக விட்டிருந்தார்கள். அதைத் தாண்டிக் குதிக்க முடியும் என்று காட்டினார்கள். கெர்னல் எழுதுபவர்களில் ஒருவரான ஹியூ டிக்கின்ஸ் அந்த இடைவெளியை 256 பக்கங்களாக்கினார். கேட்க ஒரு வரி வேலை. ஆனால் காலி இடம் தேடும் நிரலை ஆர்ம், மிப்ஸ், ஸ்பார்க், எஸ்ஹெச், எக்ஸ்டென்சா என்று பலரும் தங்களுக்கென்று தனியாக எழுதி வைத்திருந்ததால், அத்தனையையும் தொட வேண்டியிருந்தது. பெரும்பாலான பிராசஸர்களில் ஸ்டாக் மேலிருந்து கீழே வளரும். ஹெச்பியின் பிஏ-ரிஸ்க்கில் கீழிருந்து மேலே. 4 கேபி பக்கம் உள்ள மெஷினில் 256 பக்கம் 1 எம்பி. 64 கேபி பக்கம் உள்ள பவர் மெஷினில் அதே எண் 16 எம்பி. அத்தோடு விட்டதா? டெபியன் தந்த முதல் திருத்தத்துக்குப் பிறகு ஜாவாவைப் பயன்படுத்தும் சில மென்பொருள்கள் விழுந்தன. லிப்ரே ஆபீஸும் அதில் ஒன்று. திருத்தத்துக்கு இன்னொரு திருத்தம் வந்தது. வில்லியனூரில் மனு அடிப்பது லிப்ரே ஆபீஸில்தான். எங்கோ ஒரு கெர்னல் கோப்பில் மாறும் எண், மாட வீதியில் ஒரு விண்ணப்பத்தைப் பாதியில் நிறுத்தக்கூடும் என்பதை இதைவிடத் தெளிவாக யாருக்கும் விளக்க முடியாது.

பாகூரில் உட்கார்ந்துகொண்டு இத்தனை வகை மெஷினுக்கு எங்கே போவது? ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003-இல் தொடங்கிய க்யூஇஎம்யூ என்ற மென்பொருள்தான் எனக்குக் கிடைத்த பள்ளிக்கூடம். லேப்டாப்புக்குள்ளேயே மிப்ஸ், பவர், ஸ்பார்க், மெயின்பிரேம் எல்லாவற்றையும் நடித்துக் காட்டும். மழைக்காலத்தில் கரண்ட் போய், இன்வெர்ட்டரும் முனகும் இரவில், ஐபிஎம் மெயின்பிரேம் போல் நடிக்கும் ஒரு சின்னத் திரையில் கெர்னல் எழுந்து நின்று பெயர் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். வெளியே ஏரிப்பக்கத்துத் தவளைச் சத்தம். அந்தச் சந்தோஷத்தை அம்மாவிடம் சொல்ல முயன்றேன். "சாப்பிட்டுட்டுப் பேசுடா" என்றார்.

நடிப்புக்கு எல்லை உண்டு. சில்லின் முன்யோசனையையும் கேஷில் மிஞ்சும் தடத்தையும் க்யூஇஎம்யூ நடித்துக் காட்டாது. நினைவகத்தில் எழுதும் வரிசையும் அப்படித்தான். இன்டெல் சில்லில் ஒரு கோர் எழுதிய வரிசையிலேயே மற்ற கோர்களுக்குத் தெரியும். ஆர்மிலும் பவரிலும் அந்த உறுதி கிடையாது. இன்டெலில் பத்தாண்டு பிழையில்லாமல் ஓடிய டிரைவர் ஆர்ம் பலகையில் மாதத்துக்கு ஒருமுறை காரணம் சொல்லாமல் நிற்கும். அதற்கு உண்மையான பலகைதான் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்க ஒரு ஆளும் வேண்டும்.

மறுபடியும் 2018-க்கு வருகிறேன். 64-பிட் இன்டெலுக்கான பிரிப்பு 2017 டிசம்பர் கடைசியில் அவசரமாக உள்ளே எடுக்கப்பட்டு, ஜனவரி 28-இல் கெர்னலின் 4.15 பதிப்போடு வெளிவந்தது. வழக்கமாக ஏழு எட்டு சோதனைப் பதிப்பில் முடிவது அந்த முறை ஒன்பது வரை போனது. ஆர்ம் 64 ஏப்ரல் 1-இல் வந்த 4.16-இல். அக்காவின் பென்டியம் 4 போன்ற 32-பிட் இன்டெல்? அதன் வாசல் நிரல் பழையது, சிக்கலானது. அதைத் தொட்டு வேலை செய்ய யாருக்கும் பெரிய வியாபாரக் காரணம் இல்லை. சூசே நிறுவனத்தின் யோர்க் ரோடெல் மாதக்கணக்கில் அதன் மேல் உட்கார்ந்தார். எழுதி, விமர்சனம் வாங்கி, மறுபடி எழுதி, கடைசியில் அது உள்ளே போனது அக்டோபர் 22-இல் வந்த 4.19 பதிப்பில். அந்த மனிதரை நான் பார்த்ததில்லை. வில்லியனூரில் ஒரு கடை அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

கடையில் இருந்தது டெபியன் 9. அதன் கெர்னல் 4.9. 4.19 கெர்னலோடு டெபியன் 10 வந்தது 2019 ஜூலை 6-இல். கலிஃபோர்னியாவில் மதகு திறந்து ஒன்றரை ஆண்டு. அந்த ஆனி மாதத்தில் ஒருநாள் கடையை மூடிய பிறகு, ஒவ்வொரு பெட்டியாகப் புதுப் பதிப்பை ஏற்றினோம். அக்கா தரையில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டே பார்த்திருந்தார். முடிந்ததும், ஒவ்வொரு ஓட்டைக்கும் மருந்து ஏறியிருக்கிறதா என்று கெர்னலே ஒரு வரியில் சொல்லும் கோப்பைத் திறந்து காட்டினேன். மெல்ட்டவுன் என்ற பெயருக்கு நேராக, பக்க அட்டவணை பிரிக்கப்பட்டது என்று இருந்தது. "வந்துடுச்சா?" என்றார். "வந்துடுச்சுக்கா" என்றேன். "இவ்ளோ நாளா யார் எங்கள மறந்துட்டாங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். மறந்தது எழுதுபவர்கள் இல்லை. ஓட்டையை முதலில் தெரிந்துகொண்டவர்கள் அதை யாரிடம் சொல்வது என்று முடிவெடுத்த விதம்தான் தவறு. 2018 ஆகஸ்டில், கெர்னலின் நிலைப் பதிப்புகளைப் பராமரிக்கும் கிரெக் குரோவா-ஹார்ட்மன் வெளிப்படையாகவே பேசினார். லினக்ஸ் வெளியிடும் நிறுவனங்களான ரெட் ஹாட், சூசே, கெனானிக்கல் ஒவ்வொன்றையும் தனித்தனி அறையில் வைத்ததுபோல் இன்டெல் நடத்தியது. ஒருவரோடு ஒருவர் பேச விடவில்லை. டெபியன் போன்ற சமூக வெளியீடுகளுக்குச் சொல்லவே இல்லை. தனியறையில் எழுதிய மருந்துகள் ஒன்றோடு ஒன்று சேராமல், பழைய 4.4, 4.9 கெர்னல்களுக்கு ஒரு வழி, புதியவற்றுக்கு வேறு வழி என்று ஆயிற்று. அந்தக் காயத்தில்தான் 2019-இல் வன்பொருள் ஓட்டைகளுக்கென்று கெர்னலுக்குள்ளேயே ஒரு நடைமுறையை எழுதி வைத்தார்கள். யாரிடம் முதலில் சொல்ல வேண்டும், எந்த நிறுவனத்தில் யார் தொடர்பு என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நல்ல மாற்றம். இன்னும் சின்ன ஆர்க்கிடெக்சர்களின், அதாவது பிராசஸர் வகைகளின், பராமரிப்பாளர்களையும் முதல் நாளிலேயே கூப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

ஆதரவை நிறுத்துவதைப் பற்றி எனக்குக் கோபமில்லை. அதே 2018-இல், 4.17 பதிப்பில், கெர்னல் எழுதுபவர்களில் ஒருவரான ஆர்ண்ட் பெர்க்மன் எட்டு ஆர்க்கிடெக்சர்களை நீக்கினார். பிளாக்ஃபின், கிரிஸ், டைல் முதலானவை. சுமார் 5 லட்சம் வரிகள் போயின. ஆனால் நீக்கும் முன் அவர் ஒவ்வொன்றுக்கும் உரியவர்களைத் தேடிக் கேட்டார். பதில் சொல்ல ஆள் இருந்த யூனிகோர்-32-உம் ஹெக்சகனும் அந்த முறை தப்பின. அதே காலத்தில் புதிதாகவும் ஒன்று வந்தது: ரிஸ்க்-வி, 4.15 பதிப்பில். சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி குழு செய்த சக்தி பிராசஸர் அந்த வகைதான். அதன் ரைஸ்கிரீக் சில்லில் லினக்ஸ் எழுந்து நின்றதும் 2018-இல். நம்மூர்க்காரர்கள் வடிவமைத்த சில்லுக்கும் அந்தக் கெர்னல் மரத்தில் ஒரு கிளை கிடைத்தது. இருக்கிறதுபோல் காட்டி, திருத்தம் மட்டும் தராமல் விடுவது எனக்கு ஆகாது. போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவது நேர்மை.

ஒரே திருத்தத்தை எல்லா ஆர்க்கிடெக்சருக்கும் ஒழுங்காகக் கொண்டுபோன கதையும் உண்டு. 32-பிட் மெஷின்கள் 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணுகின்றன. எண்ணிக்கை 214,74,83,647 ஆகும் கணத்தில் இடம் தீர்ந்துவிடும். அது 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரம். அக்கா 2019-இல் வாங்கிய இருபது ஆண்டு வீட்டுக்கடனின் தவணை அட்டவணையே அந்தத் தேதியைத் தாண்டி நிற்கிறது. ஆர்ண்ட் பெர்க்மனும், பயிற்சித் திட்டம் ஒன்றின் வழியாக இந்த வேலைக்குள் வந்த தீபா தினாமணியும் பலரோடு சேர்ந்து பல ஆண்டுகள் கெர்னலின் மூலைமுடுக்கெல்லாம் போய் நேரத்தை 64-பிட்டாக்கினார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. அதுவரை ஒரே வேலைக்கு ஒவ்வொரு ஆர்க்கிடெக்சரிலும் வேறு எண். எழுது என்று கெர்னலைக் கேட்க 32-பிட் இன்டெலில் 4, 64-பிட்டில் 1, ஆர்ம் 64-இல் 64. 2019 மே மாதம் வந்த 5.1 பதிப்பில், புதிய நேர அழைப்புகள் 403-இலிருந்து தொடங்கி, ஒன்றிரண்டு விலக்கோடு எல்லா 32-பிட் ஆர்க்கிடெக்சரிலும் ஒரே எண்ணைப் பெற்றன. 2020 மார்ச்சில் வந்த 5.6, 32-பிட் மெஷின்களை 2038-க்கு அப்பாலும் கொண்டுபோகக்கூடிய முதல் கெர்னல் ஆயிற்று. யாரும் தலைப்புச் செய்தி போடவில்லை.

2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, சாத்தனூர் அணை திறந்து, தென்பெண்ணை பெருகி, பாகூர்ப் பக்கத்து ஊர்கள் தண்ணீரில் நின்றன. கரண்ட் வந்ததும் வில்லியனூருக்குப் போன் போட்டேன். பெட்டிகள் பரணில் பத்திரம் என்றார் அக்கா. இன்றும் ஒன்றிரண்டு ஓடுகின்றன. ஆனால் 2025 ஆகஸ்ட் 9-இல் வந்த டெபியன் 13-இல் 32-பிட் இன்டெலுக்குக் கெர்னலே கிடையாது. டெபியன் 12-க்கான நீண்டகாலத் திருத்தங்கள் 2028 ஜூனோடு முடிகின்றன. இதையும் அக்காவிடம் தேதியோடு சொல்லிவிட்டேன்; இப்போதிலிருந்தே சேர்த்து வைக்கிறார்.

வில்லியனூர், மதகடிப்பட்டு, பாகூர்ப் பக்கம் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய மெஷினோ, ஆர்ம் பலகையோ, ரிஸ்க்-வி பலகையோ இருந்தால் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். கெர்னலின் சோதனைப் பதிப்பு ஏறக்குறைய ஒவ்வொரு ஞாயிறும் வருகிறது. அதை ஏற்றி ஓட்டிப் பாருங்கள். எங்காவது நின்றால், எந்தப் பிராசஸர், எந்தப் பதிப்பு, திரையில் கடைசியாக வந்த வரி என்ன என்ற மூன்றையும் எழுதி அந்த ஆர்க்கிடெக்சரைப் பராமரிப்பவருக்கு அனுப்புங்கள். அவருடைய பெயரும் மின்னஞ்சலும் கெர்னலோடு வரும் மெயின்டெய்னர்ஸ் கோப்பில் இருக்கின்றன.